தலைநகரின் பசுமை வளையம்

தில்லியின் வரலாறு என்றவுடன் கோட்டைகளே நம் நினைவுக்கு வருகின்றன. லால்கோட் நகரை எழுப்பியோர், சிரி நகரை எழுப்பியோர், துக்ளகாபாத்தை எழுப்பிக் கைவிட்டோர், ஷாஜகானாபாத்தில் அரசு வீற்றிருந்தோர் என்று மன்னர் வரிசையைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஆயின் அம்மதில்களுக்குப் புறத்தே கிடந்த வயலையும் காட்டையும் ஆற்றுப் படுகையையும் பற்றி எழுதினோர் மிகச் சிலர். தில்லிவாழ் தமிழராகிய நமக்கோ மதிலுக்கு உள்ளே இருந்த தில்லியைவிட வெளியே இருந்த தில்லியோடுதான் உறவு மிகுதி. நாம் குடியிருந்த காலனிகளுள் பெரும்பாலன அவ்வயல்களின் மேல் எழுந்தவை. ஆதலின் இம்மலரில் அவ்வெளிநிலத்தின் கதையைச் சிறிது சொல்ல விழைகின்றோம்.

நகரைச் சூழ ஒரு பசும்பகுதியை விட்டுவைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மவர்க்குப் புதியதன்று. பண்டைத் தமிழ் வேந்தர் தம் ஊர்க்கு அகழியும் மதிலும் மட்டும் போதா எனக் கருதிக் காவற்காடும் வளர்த்தனர். ‘மிளை’ என்பது அதன் பெயர். வள்ளுவரும் அரண் கூறுமிடத்து நிழல் மிக்க காட்டை அதன் உறுப்புகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார். அக்காடு பகைவரைத் தடுக்க நின்றது. இக்காலத்துப் பசுமை வளையமோ நகரத்தையே தடுத்து நிறுத்தும் பொருட்டு அமைவது. ஊர் எல்லை மீறி வழிந்து அடுத்த ஊரோடு ஒட்டிக்கொள்ளாதவாறு இடையில் வயலும் தோப்புமாக ஒரு நிலப்பட்டையை விட்டுவைப்பதே அதன் நோக்கம். 1898-இல் எபனேசர் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் தம் தோட்ட நகர்க் கொள்கையை வெளியிட்டார். 1938-இல் இலண்டனைச் சூழ்ந்த நிலங்களைக் காக்கச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில், புதிதாக எழுந்த சண்டிகரைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குக் கட்டடங்களைக் கட்டுப்படுத்திப் பஞ்சாப் அரசு 1952-இல் சட்டம் இயற்றியது. பத்தாண்டுகளில் அது பத்து மைலாக விரிந்தது.

தில்லிக்கு வருவோம். 1911-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகர் மாற்றத்தை அறிவித்தபோது, இன்று குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் இடம் ரைசினா என்னும் சிற்றூரின் நிலமாக இருந்தது. அதன் அண்மையில் மால்ச்சா என்றோர் ஊர் இருந்தது. இவ்வூர்களின் நிலம் புதுநகர்க்கென எடுக்கப்பட்டது, குடிகள் பெயர்ந்தனர். அரியானாவின் சோனிபட் மாவட்டத்தில் மால்ச்சாப் பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று இன்றும் உண்டு. தில்லியிலோ அப்பெயர் தூதரகங்கள் நிறைந்த ஒரு வீதியின் பெயராக எஞ்சியுள்ளது. புதுநகர் கட்டியோர் ஊர்களை அகற்றினரேனும் மரங்களை நட்டனர் என்பதையும் சொல்லவேண்டும். முஸ்டோ என்னும் தோட்டக்கலை வல்லார் நட்ட வேம்பும் நாவலும் மருதும் புதுதில்லி வீதிகளில் இன்றும் நிழல் தருகின்றன. ஆடி மாதத்தில் நாவற்பழம் பொறுக்காத தமிழ்ப் பிள்ளை தில்லியில் உண்டோ?

ரிட்ஜ் என்று அனைவரும் வழங்கும் மேட்டுக்காடு ஆரவல்லி மலையின் வடகோடி. அங்கும் ஆங்கிலேயர் மரம் வளர்க்க முற்பட்டனர். கொண்டுவந்த மரங்களுள் ஒன்று தில்லியார் ‘விலாயதி கீக்கர்’ என்று கூறும் முள்மரம். வேறு எதுவுமன்று, நம் இராமநாதபுரத்துக் கண்மாய்களை விழுங்கிய சீமைக் கருவேலமே அது! நாம் இரயிலேறி வருமுன்னரே அது இங்கு வந்து காத்திருந்தது. உள்நாட்டு மரங்களை நெருக்கி ரிட்ஜில் பெரும்பகுதியைத் தனதாக்கிக்கொண்டது. ஆகவே பச்சையாக இருப்பதெல்லாம் பழங்காடு என்று எண்ணுதல் பிழையாகும். எனினும் கீக்கரும் நிழல்தான். அதனடியிலும் மழைநீர் இறங்கத்தான் செய்கிறது.

நாடு விடுதலை எய்திய ஆண்டில் தில்லியின் நிலை முற்றிலும் மாறிற்று. 1941-இல் ஒன்பது இலட்சத்துச் சொச்சமாயிருந்த மக்கள் தொகை 1951-இல் பதினேழரை இலட்சத்தை எட்டியது. பிரிவினையால் வீடிழந்து வந்தோர் இலட்சக்கணக்கினர். அமைச்சகங்கள் பெருகின, எழுத்தர் பெருகினர், அவ்வெழுத்தருள் தமிழரும் பெருகினர். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றியது. கரோல்பாக்கின் மாடியறைகளில் நெருங்கி வாழ்ந்த நம்மவர், அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தவுடன் தெற்கே பெயர்ந்தனர். அங்கு வினய் நகர் என்ற பெயரில் எழுந்த குடியிருப்புகளே பின்னர்ச் சரோஜினி நகர், நேதாஜி நகர், நவுரோஜி நகர், இலட்சுமிபாய் நகர், கித்வாய் நகர் எனப் பெயர் பெற்றன. ஐம்பதுகளின் இறுதியிலிருந்து ராமகிருஷ்ணபுரம் வளர்ந்தது. தாழ்ந்த வீடுகள், முன்னே புல்வெளி, பின்னே வேப்பமரம், வேலியோரத்தில் கறிவேப்பிலை. இவ்வாறுதான் அக்காலனிகளை நாம் அறிவோம். 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதர் மலைக்கோயில் நிற்கும் பாறைக்குன்றும் ஆரவல்லியின் ஒரு துண்டே.

இக்காலனிகள் எந்நிலத்தின்மேல் எழுந்தன? முனிர்க்கா, முகமதுபூர் முதலிய ஊர்களின் உழுநிலத்தின் மேல். ஊரின் வீட்டுமனைப் பகுதியைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும் ‘லால் டோரா’வுக்குள் குடிகள் எஞ்சினர், கோட்டுக்கு வெளியே இருந்த கோதுமை வயல் அரசுக்குச் சென்றது. முனிர்க்காவில் ஒண்டுக்குடியிருந்த நம் இளைஞர் பலர், அறை விட்ட வீட்டுக்காரப் பெரியவரிடம் இக்கதையைக் கேட்டிருப்பர்.

தில்லிக்கு ஒரு முழுத் திட்டம் வேண்டும் என்னும் உணர்வு பெருகுவதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சிகளுள் ஒன்று பலர் மறந்தது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் யமுனை தன் ஓட்டத்தை மாற்றியபோது நஜப்கர் சாக்கடையின் கழிவுநீர் பின்னோக்கி ஏறி, வஜீராபாத்தில் நகரத்திற்குக் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. குளோரின் மருந்தை மிகுதியாகக் கலந்தனர். டைபாய்டு பெருகவில்லை, ஆனால் மஞ்சட்காமாலை நகரெங்கும் பரவிற்று. ஏறத்தாழ 29,300 பேர்க்குக் கண்ணும் மேனியும் மஞ்சள் பூத்தன என்று அக்கால மருத்துவ ஆய்வு கணக்கிட்டது. கருவுற்ற பெண்டிரை அந்நோய் கொடிதாகத் தாக்கியது. அந்நோய்க் கிருமி இன்னதெனப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தனர். இன்று அதனை ஈ வகைக் காமாலை என்பர். சாக்கடை ஓரிடத்தும் குடிநீர் ஓரிடத்தும் இருக்கவேண்டுமாயின் நகரம் எங்கே வளரலாம், எங்கே வளரலாகாது என்பதை யாரேனும் முன்கூட்டி முடிவு செய்தல் வேண்டும் அன்றோ?

அப்போது சுகாதார அமைச்சராயிருந்தவர் இராஜகுமாரி அம்ருத் கௌர். அவர் காலத்திலே நகரத் திட்ட அமைப்பு ஒன்று நிறுவப்பெற்றது. 1956-இல் இடைக்காலத் திட்டம் வந்தது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, டி.டி.ஏ. என்று நாம் அன்றாடம் அழைக்கும் தில்லி வளர்ச்சி ஆணையம் பிறந்தது. போர்டு நிறுவனத்தின் பொருளுதவியால் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்க வல்லுநர் தலைமையில் ஒரு குழு வந்து நம் நாட்டு வல்லுநர்களோடு உழைத்தது. சண்டிகருக்கு முதல் வரைபடம் தீட்டியவரும் இம்மேயரே. 1960 சூலையில் வரைவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அறுநூற்றுக்கு மேற்பட்ட மறுப்புகளும் யோசனைகளும் வந்தன. 1962 செப்டம்பர் முதல் நாள் தில்லியின் முதல் மாஸ்டர் பிளான் நடைமுறைக்கு வந்தது.

அத்திட்டம் எண்ணியது பெரிது. 1981-இல் நகர் மக்கள் தொகை நாற்பத்தாறு இலட்சமாக அமையும்; அதற்கு மேற்பட்டோரைக் காசியாபாத், பரீதாபாத், குர்காவ், பகதூர்கர், லோனி முதலிய சுற்றூர்கள் ஏற்கும்; நகரியமாக மாறத்தக்க நிலம் 1,10,487 ஏக்கர்; அதற்கு வெளியே ஒரு மைல் அகலத்திற்குப் பயிர்நிலமாகவே நிற்கும் பசுமை வளையம். காகிதத்தில் அந்த வளையத்தைக் கண்டால் இன்றும் உள்ளம் குளிரும். ஊரை அணைத்த பச்சைத் துண்டைப் போல அது தில்லியைச் சுற்றிக் கிடக்கிறது.

நடந்தது வேறு. 1981-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நகர் மக்கள் தொகை ஐம்பத்தேழு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நிலம் முழுவதையும் அரசே வாங்கிப் பண்படுத்தி விற்பது என்னும் கொள்கையின்படி, 1959-இல் ஒரே அறிவிப்பில் 34,070 ஏக்கர் கையகப்படுத்தலுக்கு உட்பட்டது. உழவர்க்கு இழப்பீடு சிறிது. அதே நிலம் மனையாகி ஏலத்தில் சென்ற விலையோ பெரிது. அரசு கட்டிய வீடுகளின் எண்ணிக்கை மக்கள் பெருக்கத்தை எட்டவில்லை. எட்டாத இடத்தில் அனுமதியற்ற காலனிகள் முளைத்தன. தொழிலாளியும் சிறு வியாபாரியும் கடைநிலை ஊழியரும் வேறு எங்குச் செல்வர்? 1977-ஆம் ஆண்டுக் கொள்கையின்கீழ் 567 காலனிகள் முறைப்படுத்தப்பட்டன. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1,731 காலனிகளின் குடிகளுக்குச் சொத்துரிமை அளிக்க முற்பட்டது. கதவை அடைத்து வைத்துவிட்டுப் பலகணி வழியே வந்தோர்க்கு ஆண்டுதோறும் மன்னிப்பு வழங்கிய கதை இது.

வளையத்தை உண்டவர் ஏழையர் மட்டுமல்லர். பசுமை வளையத்தில் பண்ணை வீடு கட்டலாம் என்ற இசைவு இருந்தது; பண்ணை இரண்டரை ஏக்கருக்குக் குறையலாகாது என்பது விதியாயிருந்தது. பயிர் செய்பவன் களைப்பாற ஒரு கூரை வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் பிறந்த இசைவு அது. சத்தர்பூர், மெஹ்ரௌலிப் பக்கம் சென்று பார்த்தால், உயர்ந்த மதிலும் நீச்சற்குளமும் திருமணப் பந்தலும் அன்றி வேறு பயிர் காண்பது அரிது. அரசும் பின்தங்கவில்லை, ரோகிணி, துவாரகை என நகரின் நீட்சிகள் 1962-இன் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சென்றன. வளையத்தின் கணிசமான பகுதி திட்டமிட்டும் திட்டமின்றியும் கட்டடங்களுக்குச் சென்றுவிட்டது என்று 2007-இல் வெளிவந்த மூன்றாவது மாஸ்டர் பிளானே ஒப்புக்கொண்டது. ஒரு மைல் வளையம் அதில், தில்லி எல்லையோரமாக ஒரு கிராம அகலத்து விளிம்பாகச் சுருங்கிற்று.

ரிட்ஜின் கதி சற்று மேலானது என்போம். 1994 மே மாதத்தில் 7,777 ஹெக்டேர் ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. அதில் 6,200 ஹெக்டேர் தென்பகுதியில் உள்ளது. ஆனால் அவ்வறிவிப்பு சட்டத்தின் முதற்படியே. உரிமைகளைத் தீர்த்து இறுதி அறிவிப்புச் செய்யும் வேலை முப்பது ஆண்டுகளுக்கு இழுபட்டது. அதற்கிடையே, ரிட்ஜின் பாறையும் மண்ணும் உடையதாயினும் அறிவிப்பின் கோட்டுக்கு வெளியே நின்ற வசந்த் குஞ்சு நிலத்தில் அங்காடி மாளிகைகள் எழுந்தன. 2006-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை அனுமதித்தது. 2024 பிப்ரவரியில் தென் ரிட்ஜில் சாலை அகலப்படுத்துவதற்காக ஏறத்தாழ 1,100 மரங்கள் நீதிமன்ற இசைவின்றி வீழ்த்தப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் அது நீதிமன்ற அவமதிப்பு எனத் தீர்ப்பாயிற்று. யமுனைக் கரையில் 2010-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுக்கென வீரர் குடியிருப்பு எழுந்தபோதும் வழக்கு நடந்தது. அவ்விடம் ஆற்றுப்படுகை அன்று என 2009-இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. ஆறு அத்தீர்ப்புகளைப் படிப்பதில்லை. 2023 சூலையில் யமுனை 208.66 மீட்டர் உயர்ந்து, 1978-ஆம் ஆண்டின் 207.49 மீட்டரையும் விஞ்சிற்று. மயூர் விகார்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், படுகையில் காய்கறி பயிரிட்டோர் மேம்பாலத்தோரம் கூடாரமிட்டுத் தங்கியதை நேரிற் கண்டன.

இனி நம் வாசலுக்கே வந்த செய்தி. 2016 சூலையில் மத்திய அமைச்சரவை தென் தில்லியின் ஏழு அரசுக் காலனிகளை இடித்துப் புதிதாகக் கட்ட இசைந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நவுரோஜி நகர் ஆகிய மூன்றும் ஒரு நிறுவனத்திடமும், கஸ்தூர்பா நகர், தியாகராஜ நகர், சீனிவாசபுரி, முகமதுபூர் ஆகிய நான்கும் மத்தியப் பொதுப்பணித் துறையிடமும் ஒப்படைக்கப்பட்டன. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ 25,667 வீடுகள். மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். அரசின் கருவூலத்திலிருந்து பணம் எடாமல், நிலத்தின் ஒரு பகுதியில் வணிகக் கட்டடம் எழுப்பி விற்றே இச்செலவை ஈடுசெய்வது ஏற்பாடு. ஆகவே நவுரோஜி நகரில் வீடுகள் போய் வணிக மையம் வந்தது.

இதில் நியாயம் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை. பழைய குவார்ட்டர்ஸின் ஒழுகும் கூரையையும் உதிரும் காரையையும் நாம் அறிவோம். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து, வீட்டு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, சம்பளத்திற் பாதியை வாடகைக்குக் கொடுத்த இளம் ஊழியரின் துயரையும் அறிவோம். அவர்க்கு வீடு வேண்டும். நகரின் நடுவே அடர்ந்து கட்டினால் விளிம்பிலுள்ள வயல் தப்பும் என்னும் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று; பசுமை வளையத்தை விரும்புவோர் அதனைச் சிந்தித்தே ஆகவேண்டும்.

ஆயினும் மரங்களின் கணக்கு வெளிவந்தபோது ஊர் திடுக்கிட்டது. ஏழு காலனிகளிலும் சேர்ந்து பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் வெட்டப்படவிருந்தன என்று செய்தித்தாள்கள் எழுதின. 2018 சூன் 24-ஆம் நாள் சரோஜினி நகரில் மக்கள் திரண்டு, கட்வால் மலைப் பெண்டிர் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் செய்தவாறே மரங்களைத் தழுவி நின்றனர். கட்சிக் கொடி இல்லை. காலனிக் குடும்பத்தார், கல்லூரி மாணவர், நடைப்பயிற்சிக்கு வரும் முதியோர் என இவர்களே மிகுதி. மறுநாளே வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. சூலை 4-ஆம் நாள் நீதிமன்றம் மரம் வெட்டத் தடை விதித்தது. நேதாஜி நகரிலும் நவுரோஜி நகரிலும் அதற்குள் பல மரங்கள் வீழ்ந்துவிட்டன. நின்ற மரங்களைக் காக்கும் வகையில் வரைபடங்களைத் திருத்த நேர்ந்தது.

அப்போது நாம் கற்றுக்கொண்ட செய்தி ஒன்றுண்டு. 1994-ஆம் ஆண்டுத் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நடவேண்டும். பத்து என்பது காதுக்கு இனிது. ஆனால் கன்று நடுவது வெட்டிய தெருவில் அன்று. இடமுள்ள தொலைவில், ஆற்றங்கரையிலோ நகரின் கோடியிலோ. அறுபது ஆண்டு வேம்பின் நிழலில் அமர்ந்து கீரை ஆய்ந்த பாட்டிக்குப் பதினைந்து மைலுக்கு அப்பால் நிற்கும் முழ உயரக் கன்றால் என்ன பயன்? மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடும் கொள்கை 2020-இல் வந்தது. நூற்றுக்கு எண்பது பிழைக்கவேண்டும் என்றது விதி. 2022-இல் அரசு நீதிமன்றத்தில் தந்த கணக்கின்படி, மூன்று ஆண்டுகளில் பெயர்த்து நட்ட 16,461 மரங்களில் பிழைத்தவை மூன்றில் ஒரு பங்கே. முதிர்ந்த மரமும் முதிர்ந்த மனிதரும் இடமாற்றத்தை ஒருபடித்தாகவே தாங்குகின்றனர் போலும்.

இப்பேச்சில் இன்னொரு குரலும் உண்டு. காலனிக் கூட்டங்களில் அது பெரும்பாலும் கேட்பதில்லை. எஞ்சிய பசுமை வளையத்துக் கிராமங்களின் உழவர் குரல் அது. “நகரத்தார் மூச்சு விடுவதற்காக எங்கள் நிலம் மட்டும் என்றும் வயலாகவே கிடக்கவேண்டுமா? பக்கத்து ஊரான் நிலம் மனையாகி அவன் மகன் மாடியில் வாழ்கிறான். எங்கள் மகன் என்ன செய்வான்?” என்பது அவர்தம் வினா. ரைசினாவும் மால்ச்சாவும் முனிர்க்காவும் எடுக்கப்பட்டபோது கேட்க எவரும் இல்லை; அந்நிலத்தில் வந்து குடியேறிய நாம், கடைசியாக எஞ்சியுள்ள ஊர்களை நோக்கி ‘நீர் மாறாதீர்’ என்று கூறுமுன் சற்றுத் தயங்குவது தகும். வளையம் அனைவர்க்கும் பயன் தருவதாயின் அதன் விலையையும் அனைவரும் பகிர்ந்து கொடுக்கவேண்டும். வளையத்தில் நிலம் வைத்திருப்பவர்க்குப் பயிர் வருவாய்க்கு மேல் ஓர் ஈட்டுத்தொகை ஆண்டுதோறும் கிடைக்கும் வழியை எந்த மாஸ்டர் பிளானும் இதுவரை உறுதியாக வகுத்ததில்லை. எங்கள் கருத்தில் அத்திட்டங்களின் பெருங்குறை இதுவே.

2041-ஐ நோக்கிய அடுத்த மாஸ்டர் பிளானின் வரைவு 2021 சூன் மாதம் வெளியாயிற்று. பசுமை வளையத்து ஊர்களைப் ‘பசுமை வளர்ச்சிப் பகுதி’ என்று அழைத்து, அங்கே குறைந்த அடர்த்தியுடைய கட்டடங்களையும் வேறு சில பயன்களையும் நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்று அது கூறிற்று. வளையத்தைக் காக்கும் வழி இது என்றனர் சிலர். முறையாகக் கரைக்கும் வழி என்றனர் சிலர். 1960-இல் மக்களிடமிருந்து வந்த மறுப்புகள் அறுநூற்றுச் சொச்சம் என்று முன்னர்க் கூறினோம். 2021-இல் கருத்துரைக்கத் தந்த கெடு முடிந்தபோது வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 33,000.